அண்ணன் குடுத்துவிட்டுச்சு

அத்தை எந்தப் பொருளையும் தன்னுடையதாகத் தந்ததே இல்லை. ஒற்றைக் கொய்யாப்பழம் என்றாலும் அதை அனுப்பிய ஆள் ஒருவர் இருந்தார். வயர்கூடையைத் தரையில் வைத்து, அதன் வாயை மூடியிருக்கும் துண்டை விலக்கும்போதே சொல்லிவிடுவாள். "அண்ணன் குடுத்துவிட்டுச்சு." ஊருக்குத் திரும்பிப் போய் அதே கூடையை இன்னொரு வாசலில் இறக்கும்போது, "தம்பி குடுத்துவிட்டான்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே பதினான்கு வருடம் ஒரு டவுன் பஸ் ஓடியது. அதன் ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், கூடையைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு.

அண்ணன் என்றால் என் பெரியப்பா. சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம், எங்கள் பூர்வீக ஊரில் மல்லிகையும் தென்னையுமாக இருந்தார். தம்பி என்றால் என் அப்பா. திண்டுக்கல் டவுனில் பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. அந்த நடுவை விட்டு அவள் கடைசிவரை நகரவில்லை.

தாத்தா விட்டுப்போன நாலு ஏக்கரின் மத்தியில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி ஓடு வேய்ந்த ஒற்றை அறை, முன்னால் ஒரு சாய்ப்பு. கல்யாணமான மூன்றாம் மாதம் தகரப்பெட்டியோடு திரும்பி வந்த மகளிடம் தாத்தா எதுவும் கேட்கவில்லையாம். அந்த அறையின் சாவியைக் கையில் கொடுத்து, "இது ஒனக்கு" என்றாராம். அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி வேறு பக்கம் பார்ப்பார்கள். தாத்தா வாயால் கொடுத்தார். காகிதத்தில் கொடுக்கவில்லை. வாய் மூடிப்போன பிறகு அந்தச் சொல் எங்கே குடியிருக்கும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

கிணறு பொதுவென்றால் தண்ணீருக்கு முறை உண்டு. ஒரு நாள் பெரியப்பா மோட்டார் போடுவார், மறுநாள் அப்பாவின் பாதியைக் குத்தகைக்குப் பார்ப்பவர். மழை பொய்த்த ஒரு பங்குனியில் கிணற்றின் அடி தெரிந்தது. அப்பாவின் முறையன்று பெரியப்பா மோட்டார் போட்டுவிட்டார். குத்தகைக்காரர் போன் செய்தார். அப்பா பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு போய் இறங்கி, மோட்டார் பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளில் ஒன்றை உருவிப் பையில் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார். மல்லிகைச் செடி மூன்று நாள் காய்ந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பீஸ் கட்டை எங்கள் வீட்டுப் பீரோவின் கீழறையில், ரேஷன் கார்டுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கும் நடுவில் கிடந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதையாவது தேடும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும், பீங்கான் குளிர்ச்சியோடு.

நாலாம் நாள் ஊரில் மோட்டார் ஓடியது என்பதை மட்டும் கேள்விப்பட்டோம்.

படிப்பு முடிந்து நூல் மில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறிக் கடையில் அத்தையைப் பார்த்தேன். கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக் குவித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கட்டிக் கொடுத்த பாலித்தீன் பையை ஓரமாக எறிந்தாள். காய்களைத் துண்டில் கொட்டினாள். அப்புறம் ரோட்டோரத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, ரொம்பப் பளபளவென்று இருந்த நாலைந்து காய்களின் மேல் லேசாகத் தேய்த்தாள். நிமிர்ந்தபோது எதிரே நான்.

"பாத்துட்டியா அப்பு?"

"என்னத்தை இது?"

"என்னன்னா, கத்திரிக்கா. சரி, வந்ததுதான் வந்த, இந்தக் கூடையத் தூக்கு."

தூக்கினேன். அன்று தொடங்கி அந்தப் பாரத்தில் எனக்கும் பங்கு. வீட்டுக்கு வந்ததும் துண்டை விலக்கினாள். "அண்ணன் குடுத்துவிட்டுச்சு." அம்மா புளிக்குழம்பு வைத்தாள். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கி, காயை நசுக்கிப் பிசைந்தபடி, "எங்கய்யா பாடுபட்ட மண்ணு. இந்த ருசி சந்தைக் காயில வருமா?" என்றார். அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் தொடையில் மட்டும் ஒரு கிள்ளு விழுந்தது.

வெறும் பண்டத்தைக் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரியப்பா எதையும் திட்டாமல் கொடுக்கிறவர் இல்லை. ஆகவே அவள் திட்டையும் சேர்த்தே கொண்டுவருவாள். "'அவனுக்கெல்லாம் எதுக்கு, டவுன்ல காசு கொட்டிக் கெடக்கு'ன்னு வஞ்சுக்கிட்டேதான் பறிச்சுச்சு" என்பாள். அப்பாவின் முகம் சுருங்கும். சுருங்கிய இடத்திலேயே மெல்ல மலரும். அண்ணன் வைகிறார் என்றால் அண்ணன் இன்னும் இருக்கிறார் என்று அர்த்தம். ஊருக்குப் போனால் அப்பாவின் பெயரில் தேயிலைப் பொட்டலமும் கண் சொட்டு மருந்தும் போகும், அப்பாவின் வசவோடு. "'கண்ணு தெரியாமத்தான் அடுத்தவன் மொறையில மோட்டார் போட்டாரு, இதை ஊத்தச் சொல்லு'ன்னான்." பெரியப்பா, "வாத்தி புத்தி" என்று முணுமுணுத்துக்கொண்டே மருந்தை ஊற்றிக்கொள்வாராம். இரண்டு மனிதர்களின் கோபத்தையும் பாசத்தையும் அவள் ஒருத்தியே சமைத்தாள், அளவு தப்பாமல் உப்புப் போட்டு.

கல்லறைத் திருநாள் வந்தால் அவளுக்கு வேலை கூடும். தாத்தாவின் கல்லறை ஒன்று, வருகிற குடும்பம் இரண்டு, இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடாது. விடிகிற நேரத்திலேயே அவள் போய்ச் சிலுவையைக் கழுவி, பக்கத்தில் புல்லைச் செதுக்கி, ஒரு மல்லிகை மாலையைச் சாத்திவிடுவாள். நாங்கள் காலைப் பூசை முடிந்து போகும்போது அது கிடக்கும். "அண்ணன் போட்டுட்டுப் போயிருச்சு. ஒனக்கு எடம் விட்டுத்தான் போட்டுருக்கு பாரு." அப்பா பார்ப்பார். மாலை சிலுவையின் ஒரு கையில் மட்டும் தொங்கும், மற்றக் கை காலியாக இருக்கும். அப்பா தன் மாலையை அந்தக் கையில் தொங்கவிடுவார். நாங்கள் கிளம்பியதும் அத்தை முதல் மாலையை எடுத்து மறைத்துவிடுவாள் என்பதையும், மாலை நேரத்தில் பெரியப்பா வரும்போது அதே சொல் திரும்பிச் சொல்லப்படும் என்பதையும், ஒரு வருடம் கல்லறையில் மறந்து வைத்துவிட்ட கேமராவை எடுக்கத் திரும்பிப் போனபோது தெரிந்துகொண்டேன். கல்லறைக்குப் பின்னால் குந்தி, அந்த மாலையைத் தன் கூடைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தாத்தாவுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

அவள் சொன்ன பொய்களில் தனக்காகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது வீடு.

தாத்தா வாயால் கொடுத்த அந்த ஒற்றை அறை எத்தனை நாள் நிலைக்கும் என்ற பயம் அவளுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அப்பாவிடம், "அண்ணன் ஏதோ சொல்லுச்சு. கிணத்தடி வீட்டை அதோட பங்குலருந்தே எனக்கு எழுதிக் குடுத்துருமாம். ஒன்னையக் கேட்டுக்கிறச் சொல்லுச்சு" என்றாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரே குடுக்குறாருன்னா நான் என்ன, கொறஞ்சவனா? எனக்குச் சம்மதம்னு சொல்லிரு." ஊரிலும் இதே பேச்சு, பெயரை மட்டும் மாற்றி. அங்கும் அதே பதில். தம்பிக்குத் தாழாத அண்ணன், அண்ணனுக்குத் தாழாத தம்பி. இரண்டு பேரின் வீம்பை இரண்டு பக்கச் சுவராக எழுப்பி அதன் மேல் அவள் தன் கூரையை வைத்தாள். அது நின்றது. அவர்கள் பேசிக்கொள்ளாத வரைக்கும் நின்றது.

பெரியப்பாவின் மகன் சொட்டுநீர் போட வங்கியில் கடன் கேட்டான். கூட்டுப் பட்டாவுக்குக் கடன் இல்லை என்றார்கள். பாகம் பிரித்தே ஆக வேண்டும். யார் போய் யாரிடம் சொல்வது? கூடைதான் போயிற்று, வந்தது. மூன்று மாத அலைச்சலில் நாள் குறித்தாகிவிட்டது.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கடை. நீள பெஞ்சின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் பெரியப்பா. நடுவில் அத்தை, திருநாள் சேலை கட்டிக்கொண்டு. நான் சாட்சிக் கையெழுத்துக்காக வந்து கதவோரம் நின்றேன். எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அம்மாவுக்குக் கிணத்தடி வீடும் மூணு சென்ட்டும். சரி. இந்த மூணு சென்ட்டை யார் பங்குல கழிக்கணும்?"

பெரியப்பா எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். "தம்பி பங்குல. அவன்தான் மொதல்ல சொல்லிவிட்டான்."

அப்பாவும் எழுத்தரைப் பார்த்தே சொன்னார். "இல்லீங்க. அவுக பங்குல. அவுக குடுக்குறதாச் சொல்லித்தான் நான் சம்மதிச்சேன்."

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். பெரியப்பா மெல்லத் திரும்பினார்.

"நான் எப்படா சொன்னேன்?"

பதினான்கு வருடத்துக்குப் பின் அவர் அப்பாவிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"நீங்க சொல்லலையா? இவகிட்டத்தான்..."

"அவ நீ சொன்னதாத்தானடா சொன்னா. நீயே விட்டுக் குடுக்குறப்ப நான் மல்லுக்கு நின்னா நல்லாருக்குமான்னு தலையாட்டுனேன். பீஸ் கட்டையவே நாலா நாளு குடுத்துவிட்டவன், வீட்டுக்கா கணக்குப் பாப்பான்னு நெனச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "பீஸ் கட்டையா? அது இன்னமும் எங்க பீரோவுலதான கெடக்கு."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண் மருந்து. கத்திரிக்காய். கிறிஸ்துமஸ் வேட்டி. கல்லறை மாலை. "நீ குடுக்கல?" "நான் எங்க குடுத்தேன்? நீங்க குடுத்தீகளே, அந்தக் கொடுக்காப்புளி?" "எந்தக் கொடுக்காப்புளி?" பாதியில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும். பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்துவிட்டார்கள். அத்தை எழுந்து நின்று இடம் விட்டிருந்தாள். அப்பாவின் சிரிப்பும் பெரியப்பாவின் சிரிப்பும் ஒரே சிரிப்பு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்பதற்கு அவள் எத்தனை பஸ் ஏறியிருப்பாள்.

சிரிப்பு அடங்கியதும் பெரியப்பாவின் குரல் மாறியது. "ஏன்டி, இத்தனை வருசமா எங்க ரெண்டு பேரையும் கூமுட்டையாக்கி வச்சிருந்தியா?"

"இப்பப் பேசிக்கிட்டீகள்ல" என்றாள் அத்தை.

"பேச்ச மாத்தாத. பொய் சொல்லி வாங்குற வீட்டுக்குப் பத்திரம் ஒரு கேடா?"

அப்பா அண்ணனோடு சேர்ந்துகொண்டார். சேர்ந்துகொள்ள அவருக்குப் பதினான்கு வருட ஏக்கம் இருந்தது. "ரெண்டு வீடு இருக்குல்ல. எங்க வேணா இருக்கட்டும். அவளுக்குன்னு தனியா எதுக்கு?"

எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். "சட்டப்படி பாத்தா அம்மாவுக்கும் மூணுல ஒரு பங்கு உண்டுங்க. விட்டுக் குடுக்குறதா இருந்தா விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். என்னம்மா?"

மூன்றில் ஒன்று. வீடு மட்டுமல்ல, கிணற்றிலும் மல்லிகையிலும் தென்னையிலும். அவளுக்கு அது முன்பே தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "கையெழுத்துப் போட வேணாம் அத்தை" என்ற வாக்கியம் தயாராகவே இருந்தது. அது என் நாக்குக்கும் பல்லுக்கும் இடையில் நின்றது. அந்தப் பக்கம் அப்பா சிரித்துச் சிவந்த முகத்தோடு அண்ணனின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தோள் நாளைக்கு விலகிவிடுமே என்று நினைத்தேன். என் பங்கும் அந்த நிலத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சரி" என்றாள் அத்தை.

பதிவு அலுவலகத்தில் கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தாள். கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினாள். எழுத்து ஒவ்வொன்றையும் நட்டுவைப்பது போல எழுதினாள். அதன் கீழே சாட்சி என்று நான் எழுதினேன்.

மத்தியானம் எல்லாரும் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, சொட்டுநீர் குழாய்க்கு மானியம் உண்டா என்று ஓயாமல் பேசினார்கள். அத்தையிடம் யாரும் பேசவில்லை. அவள் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அப்பாவின் இலையில் வைத்தாள்.

"அண்ணன் வைக்கச் சொல்லுச்சு."

அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்பா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மானியத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கிணற்றடி வீட்டில் இப்போது உர மூட்டையும் சொட்டுநீர் குழாய்ச் சுருளும் கிடக்கின்றன. தண்ணீருக்கு அதன் பிறகு முறை தேவைப்படவில்லை. முறை அத்தைக்கு வந்தது. மூன்று மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே. எங்கள் வீட்டில் இருக்கும்போது கைகள் எதையோ தேடுவது போல மடியில் அசைந்துகொண்டே இருக்கும். கொண்டுபோக ஒன்றுமில்லை. அண்ணனும் தம்பியும் தினமும் செல்போனில் பேசிக்கொண்டார்கள். ஒருமுறை பழக்கத்தில், "அண்ணன் வெண்டைக்கா குடுத்து..." என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பாமலே சொன்னாள், "மதினி, காலையிலதான் பெரியவரு போன்ல பேசுனாரு. வெண்டைக்காயெல்லாம் இந்த வருசம் போடலையாம்."

குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு போன பிறகு, யார் முறை என்ற பேச்சு வந்தது. பேச்சு முடியவில்லை. கொடைரோடு போகிற வழியில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம்.

வாரம் ஒருமுறை நான் போவேன். வாசலில் ஒரு நோட்டில் பெயர் எழுத வேண்டும். பக்கங்களைத் திருப்பினால் அத்தையைப் பார்க்க வந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து மட்டும் மாதக்கணக்கில். ஆனால் அப்பா போனில் கேட்டால் அவள் சொல்வாள். "அண்ணன் நேத்துத்தான் வந்துட்டுப் போச்சு. நீ எதுக்குடா வெயில்ல அலையுற? மெதுவா வா." பெரியப்பாவுக்கும் அதே. தம்பி நேத்துத்தான் வந்தான். ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று மற்றவர் நிம்மதியாக இருந்தார். ஒருநாள் தாங்காமல் அப்பாவிடம் சொன்னேன்.

"பெரியப்பா ஒரு தடவகூடப் போகலப்பா. நோட்டுல பாத்தேன்."

"அவளே சொன்னாளேடா."

"அத்தை சொல்றத நீங்க நம்புறீங்களா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அது ஒண்ணு நெசமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

அவளை அடக்கம் செய்த அன்று, தாத்தாவின் சிலுவைக்கு அருகே தோண்டிய மண்மேட்டின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பெரியப்பா கேட்டார், "கடைசியா ஒங்கிட்ட என்னடா சொன்னா?" அப்பா சொன்னார், "ஒங்களப் பாத்ததாச் சொன்னா." இருவரும் குனிந்துகொண்டார்கள். சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த நாள் அல்ல. அதற்கு ஒரு மாதம் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாண்டு வாசலில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். தோல் கறுத்துச் சுருங்கிய, நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து. பாலித்தீன் பையை எறிந்தேன். பழத்தை அப்பாவின் பழைய துண்டில் சுற்றினேன். இல்லத்துக்குப் போய், கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்துத் துண்டை விலக்கினேன்.

"அப்பா குடுத்துவிட்டாரு அத்தை."

அவள் துண்டைத்தான் முதலில் தொட்டாள். பிறகு பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்தபோது அப்பாவுக்கு மலர்ந்த அதே முகம். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"குடுக்குறப்ப என்ன சொன்னான்?"

நான் அதற்குத் தயாராக வரவில்லை. "ஒண்ணும் சொல்லல அத்தை. குடுத்துருன்னாரு."

"ஒண்ணுமே சொல்லல?"

"இல்ல."

பழத்தை மடியில் வைத்தாள். "அப்ப அவன் குடுக்கல அப்பு."

கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. ஒன்றை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள். மீதியைத் தான் தின்றாள், மெதுவாக, பல் இல்லாத பக்கம் ஒதுக்கி. தின்று முடித்துத் தோலைத் துண்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்த தடவ வாரப்ப பழமெல்லாம் வேணாம். என்னைய வஞ்சான்னு மட்டும் சொல்லு. நான் நம்பிக்கிருவேன்."